களமும் கண்ணியமும்

நுழையும் முன்

மாணவர்களே, நீங்கள் வாழும் ஊர் தில்லியாக இருக்கலாம். மும்பையாகவோ கொல்கத்தாவாகவோ இருக்கலாம். மாலைப் பொழுதில் அங்குள்ள விளையாட்டுத் திடலில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள், நீங்களும் ஆடியிருப்பீர்கள். ஆட்டத்தின் நடுவே 'அவுட்' என்று ஒரு பக்கமும், 'இல்லை' என்று மறுபக்கமும் குரல் எழும். அப்போது திடலில் யார் பேச்சை எல்லாரும் கேட்கின்றனர்? அவர் பேச்சை ஏன் கேட்கின்றனர்? இவ்வினாக்களை மனத்தில் கொண்டு இக்கட்டுரையைப் படியுங்கள்.

1. உறவுப் பெயர்கள் ஒலிக்கும் களம்

இந்தியக் கிரிக்கெட் அணியில் பல மாநிலத்தவரும் பல மொழியினரும் சேர்ந்து ஆடுகின்றனர். ஆயினும், மூத்த வீரரை இளைய வீரர் வெறும் பெயர் சொல்லி அழைப்பது அரிது. வங்காளத்தைச் சேர்ந்த சௌரவ் கங்குலியைத் 'தாதா' என்று அழைப்பர். தமிழ்த் திரைப்படங்களின் வாயிலாக இச்சொல்லுக்கு அடாவடி செய்பவன் என்னும் பொருள் நம்மிடையே பரவிவிட்டது. வங்க மொழியிலோ அதற்கு அண்ணன் என்பதே பொருள். பஞ்சாபி மொழியில் அண்ணனைக் குறிக்கும் சொல் 'பாஜி'. கபில் தேவை வீரர்கள் பலரும் அவ்வாறே அழைப்பர். இந்தி பேசுவோர் 'பாய்' என்பர். தமிழ் வீரர்கள் தமக்குள் 'அண்ணா' என்பர். சொற்கள் வேறு, அவற்றின் உள்ளே இருக்கும் பண்பு ஒன்றே.

பெரியோரை மதித்தல் நம் நாட்டுக் குடும்பங்களில் சிறு வயது முதல் கற்பிக்கப்படும் பண்பாகும். வீட்டில் கற்றதையே வீரர்கள் களத்திற்கும் கொண்டு செல்கின்றனர். ஆனால் 'அண்ணா' என்று அழைப்பது எளிது. தீர்ப்பு நமக்கு எதிராக வரும்போது, சினம் தலைக்கு ஏறும்போது, தோல்வி கண்ணெதிரே நிற்கும்போது அம்மதிப்பு நம்மிடம் நிலைத்திருக்கிறதா என்பதே உண்மையான தேர்வு. அத்தேர்வில் வென்றவர்களும் உண்டு, தவறியவர்களும் உண்டு. இருவரிடமிருந்தும் நாம் கற்கலாம்.

2. இளையோர் தந்ததும் மூத்தோர் தந்ததும்

2008ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நாகபுரியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் டெஸ்ட் போட்டியில் மோதின. அது கங்குலியின் இறுதி டெஸ்ட் போட்டி. அப்போது அணித்தலைவர் மகேந்திர சிங் தோனி. அவர் கங்குலியைவிட ஒன்பது ஆண்டுகள் இளையவர். கங்குலியின் தலைமையில்தான் முதன்முதலில் இந்திய அணிக்குள் நுழைந்தவர். இந்தியா வெற்றியை நெருங்கிய வேளையில், எஞ்சிய சில ஓவர்களுக்கு அணியை வழிநடத்துமாறு தோனி கங்குலியை வேண்டினார். கங்குலியும் அதனை ஏற்றுப் பந்துவீச்சாளர்களை மாற்றி, களத்தடுப்பை அமைத்தார். வழியனுப்பும் வேளையில் பூமாலையைவிடச் சிறந்த மரியாதையாக அது அமைந்தது.

மூத்தோர் இளையோருக்குத் தருவதும் உண்டு. மும்பையின் சிவாஜி பூங்காவில் ரமாகாந்த் ஆச்ரேக்கர் என்னும் பயிற்சியாளர் இருந்தார். சச்சின் டெண்டுல்கர் சிறுவனாக இருந்தபோது அவரிடம் பயின்றார். ஆச்ரேக்கர் ஸ்டம்பின் மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைப்பார். டெண்டுல்கரை ஆட்டமிழக்கச் செய்யும் பந்துவீச்சாளருக்கு அந்நாணயம் உரியது. எவராலும் இயலாவிடில் அது டெண்டுல்கருக்கு உரியது. அவ்வாறு வென்ற பதின்மூன்று நாணயங்களைத் தம் பெருஞ்செல்வமாக டெண்டுல்கர் போற்றி வைத்தார்.

2013ஆம் ஆண்டு நவம்பரில் வான்கடே அரங்கில் விடைபெற்றபோது, தம் ஆசான் ஒரு நாளும் தம்மை 'நன்றாக ஆடினாய்' என்று பாராட்டியதில்லை என அவர் கூறினார். பாராட்டினால் மாணவன் உழைப்பைக் குறைத்துவிடுவான் என்று ஆசான் எண்ணினார். அதனை மாணவரும் புரிந்துகொண்டார். இளையோனின் வளர்ச்சியையே நினைந்து கண்டிப்புக் காட்டும் பெரியவருக்கு மரியாதை தானே வந்து சேர்கிறது.

3. நடுவர் என்னும் பெரியவர்

குடும்பத்தில் வழக்கு எழுந்தால் பாட்டனாரோ பெரியப்பாவோ தீர்த்து வைப்பார். ஆடுகளத்தில் அவ்விடத்தில் நிற்பவர் நடுவர். நடுவில் நின்று எப்பக்கமும் சாயாதவர் என்பது அச்சொல்லின் பொருள். வயதில் அவர் வீரரைவிட இளையவராகக்கூட இருக்கலாம். எனினும் அவர் வகிக்கும் இடம் பெரியவருக்கு உரிய இடம்.

சென்னையைச் சேர்ந்த எஸ். வெங்கட்ராகவன் இவ்விரு இடங்களிலும் நின்றவர். இந்தியாவுக்காக 57 டெஸ்ட் போட்டிகளில் சுழற்பந்து வீசிய அவர், பின்னர் 73 டெஸ்ட் போட்டிகளில் நடுவராகப் பணியாற்றினார். நடுவரிடம் முறையிடும் இடத்திலிருந்து, முறையீட்டைக் கேட்டுத் தீர்ப்பளிக்கும் இடத்திற்கு அவர் வந்தார். இரு பக்கத்தின் இடர்ப்பாட்டையும் அறிந்தவர் நடுவராவது ஆட்டத்திற்கே நன்மை.

கிரிக்கெட் விதிகளைப் பேணுவது இலண்டனில் உள்ள மெரில்போன் கிரிக்கெட் கழகமாகும். 2000ஆம் ஆண்டில் அக்கழகம் விதிநூலின் தொடக்கத்தில் 'கிரிக்கெட்டின் ஆன்மா' என்னும் முன்னுரையைச் சேர்த்தது. அணித்தலைவர், தன் அணியினர், எதிரணியினர், நடுவர் ஆகிய அனைவரையும் மதித்து ஆட வேண்டும் என்பதே அதன் சாரம். மதிப்பு என்பது அதுவரை எழுதா நெறியாக இருந்தது; அப்போது எழுத்தில் ஏறியது.

எழுதிய நெறி மட்டும் போதவில்லை. 2017ஆம் ஆண்டில் வீரர்களின் ஒழுங்கீனத்திற்கென 42ஆம் விதி வந்தது. அவ்விதி குற்றங்களை நான்கு நிலைகளாகப் பிரிக்கிறது. நடுவரின் தீர்ப்பைச் சொல்லாலோ செயலாலோ எதிர்ப்பது முதல் நிலைக் குற்றம். அதற்கு முதலில் எச்சரிக்கை. மீண்டும் நிகழ்ந்தால் எதிரணிக்கு 5 ஓட்டங்கள். மூன்றாம் நிலைக் குற்றம் செய்தவர் குறிப்பிட்ட ஓவர்கள் முடியும்வரை களத்தை விட்டு வெளியேற வேண்டும். நடுவரையோ பிறரையோ தாக்குவது நான்காம் நிலை. அவ்வாறு செய்தவர் அப்போட்டியில் மீண்டும் ஆட இயலாது.

விதி தண்டிக்கும். ஆனால் சினம் எழும் அந்த ஒரு நொடியில் கையைப் பிடித்து நிறுத்துவது விதிநூலன்று. அதனை இரண்டு நிகழ்ச்சிகளின் வாயிலாகக் காண்போம்.

4. திரும்ப அழைத்த தலைவர்

1980ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். இந்தியக் கிரிக்கெட் வாரியத்தின் பொன்விழாவை ஒட்டி மும்பை வான்கடே அரங்கில் இந்தியாவும் இங்கிலாந்தும் ஒரு டெஸ்ட் போட்டியில் ஆடின. இந்திய அணித்தலைவர் கர்நாடகத்தைச் சேர்ந்த குண்டப்பா விஸ்வநாத். முதலில் ஆடிய இந்தியா 242 ஓட்டங்கள் எடுத்தது. அடுத்து ஆடிய இங்கிலாந்து 58 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளை இழந்து தடுமாறியது. அந்நிலையில் இயன் போத்தமுடன் விக்கெட் காப்பாளர் பாப் டெய்லர் இணைந்து ஆடினார்.

டெய்லரின் மட்டையில் பட்ட பந்து பிடிக்கப்பட்டதாக இந்திய வீரர்கள் முறையிட்டனர். நடுவர் விரலை உயர்த்தினார். பந்து மட்டையில் படவில்லை என்பது டெய்லரின் எண்ணம். அருகில் நின்று பார்த்த விஸ்வநாத்தும் அவ்வாறே கருதினார். அவர் நடுவரிடம் சென்று முறையீட்டைத் திரும்பப் பெற்று, டெய்லரை மீண்டும் ஆட அழைத்தார்.

அதன் விலை பெரிது. டெய்லரும் போத்தமும் ஆறாவது விக்கெட்டுக்கு 171 ஓட்டங்கள் சேர்த்தனர். போத்தம் 114 ஓட்டங்களும் டெய்லர் 43 ஓட்டங்களும் எடுத்தனர். இந்தியா 10 விக்கெட் வேறுபாட்டில் தோற்றது. பொன்விழா ஆட்டத்தில் வெற்றி கைநழுவியது. ஆயினும் அப்போட்டியைப் பற்றிப் பேசுவோர் இன்றும் விஸ்வநாத்தின் பெயரைப் போற்றியே பேசுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். விஸ்வநாத் நடுவரை இகழவில்லை, குரலை உயர்த்தவில்லை. விதி தந்த உரிமையைப் பயன்படுத்தித் தம் அணியின் முறையீட்டை மட்டும் விலக்கிக்கொண்டார். தவறு என்று அறிந்ததைத் திருத்துவதற்கு மரியாதையைக் கைவிட வேண்டியதில்லை.

5. எல்லைக்கோட்டில் நின்ற மேலாளர்

ஓராண்டு கழிந்தது. 1981ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் மூன்றாவது டெஸ்ட் போட்டி நடைபெற்றது. தொடரில் ஆஸ்திரேலியா ஓர் ஆட்டம் முன்னணியில் இருந்தது. முதல் இன்னிங்சில் இந்தியா எடுத்த 237 ஓட்டங்களில் விஸ்வநாத் மட்டும் 114 ஓட்டங்கள் எடுத்தார். ஆஸ்திரேலியாவோ 419 ஓட்டங்கள் குவித்தது. 182 ஓட்டங்கள் பின்தங்கிய நிலையில் இந்தியா இரண்டாம் இன்னிங்சைத் தொடங்கியது.

அணித்தலைவர் சுனில் கவாஸ்கரும் சேத்தன் சௌகானும் நிதானமாக ஆடி 165 ஓட்டங்கள் சேர்த்தனர். கவாஸ்கர் 70 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது டென்னிஸ் லில்லி வீசிய பந்து அவருடைய காலில் பட்டது. நடுவர் எல்.பி.டபிள்யூ. முறையில் ஆட்டமிழந்ததாக அறிவித்தார். பந்து முதலில் தம் மட்டையில் பட்டது என்பது கவாஸ்கரின் உறுதியான எண்ணம். மட்டையில் பட்டபின் காலில் பட்டால் அம்முறையில் ஆட்டமிழப்பு இல்லை. அவர் மட்டையைக் காலில் தட்டிக் காட்டித் தம் மறுப்பைத் தெரிவித்தார். பிறகு வெளியேறத் தொடங்கினார். அப்போது லில்லி கூறிய சொற்கள் அவருடைய சினத்தை மேலும் மூட்டின.

அந்நொடியில் அவர் திரும்பினார். சௌகானையும் தம்முடன் வெளியே வருமாறு அழைத்தார். சௌகான் தயங்கியவாறு பின்தொடர்ந்தார். இருவரும் எல்லைக்கோட்டை நோக்கி நடந்தனர். அரங்கம் திகைத்தது. ஆட மறுத்து வெளியேறும் அணி தோற்றதாக அறிவிக்கப்படலாம். ஆகவே ஒருவருடைய சினத்தால் ஓர் அணியின் உழைப்பு முழுதும் வீணாகும் நிலை வந்தது.

எல்லைக்கோட்டருகே இந்திய அணியின் மேலாளர் விங் கமாண்டர் ஷாகித் துரானி வந்து நின்றார். சௌகானைக் கோட்டைத் தாண்டவிடாமல் திருப்பி அனுப்பினார். கவாஸ்கருக்குப் பதிலாகத் திலீப் வெங்சர்க்கார் ஆட வந்தார். ஆட்டம் தொடர்ந்தது.

பின்னர் நிகழ்ந்தது வரலாறு. இந்தியா 324 ஓட்டங்கள் எடுத்தது. ஆஸ்திரேலியாவுக்குத் தேவைப்பட்டவை 143 ஓட்டங்களே. தொடையில் காயமுற்றிருந்த கபில் தேவ் வலியைப் பொறுத்துக்கொண்டு இறுதி நாளில் பந்து வீசினார். 28 ஓட்டங்கள் கொடுத்து 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். ஆஸ்திரேலியா 83 ஓட்டங்களுக்குள் சுருண்டது. 59 ஓட்டங்களில் இந்தியா வென்றது. தொடர் சமநிலையில் முடிந்தது. அன்று இருவரும் எல்லைக்கோட்டைக் கடந்திருந்தால் இவ்வெற்றி இல்லை.

கவாஸ்கர் உலகம் போற்றும் வீரர். நடுவரின் தீர்ப்பு தவறாகவே இருந்திருக்கலாம். ஆயினும், அணித்தலைவராகத் தாம் அன்று செய்தது தவறு என்று அவரே பின்னாளில் வெளிப்படையாக வருந்திக் கூறினார். அவ்வருத்தம் அவருடைய பெருமையைக் குறைக்கவில்லை.

திருக்குறளில் 'பெரியாரைத் துணைக்கோடல்' என்று ஓர் அதிகாரம் உண்டு. தவறு கண்டபோது கண்டித்துச் சொல்லும் பெரியோரைத் துணையாகக் கொள்ளுமாறு அது மன்னனுக்கு அறிவுறுத்துகிறது. களத்தில் தலைவரே ஆயினும் அவரையும் தடுக்கும் துணை வேண்டும். மெல்போர்னில் அத்துணையாக நின்றவர் அந்த மேலாளர்.

6. தடுப்பார் இல்லாத நாள்

பத்தாண்டுகளுக்குப் பின், 1991ஆம் ஆண்டு ஜனவரியில் ஜாம்ஷெட்பூரில் துலீப் கோப்பையின் இறுதிப் போட்டி நடைபெற்றது. வடக்கு மண்டலமும் மேற்கு மண்டலமும் மோதின. மட்டையாளர் ராமன் லாம்பாவுக்கும் வேகப்பந்து வீச்சாளர் ரஷித் படேலுக்கும் இடையே சொற்போர் மூண்டது. அது முற்றியது. படேல் ஒரு ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு லாம்பாவைத் தாக்க ஓடினார். அரங்கத்தில் இருந்தவர்கள் கல் எறியத் தொடங்கினர். ஆட்டம் அத்துடன் நிறுத்தப்பட்டது.

விசாரணைக்குப் பின் படேலுக்கு 13 மாதங்களும் லாம்பாவுக்கு 10 மாதங்களும் ஆடத் தடை விதிக்கப்பட்டது. அடிக்க ஓடியவர் மட்டுமன்றி, சொல்லால் சொல்லை வளர்த்தவரும் தண்டனை பெற்றார் என்பதைக் கவனியுங்கள். இருவரும் திறமை மிக்கவர்கள். பல ஆண்டுகள் பயின்ற பயிற்சி அந்தச் சில நொடிகளில் அவர்களுக்குத் துணை நிற்கவில்லை. மெல்போர்னிலும் ஜாம்ஷெட்பூரிலும் மூண்ட சினம் ஒன்றே. ஓரிடத்தில் உரிய நேரத்தில் ஒருவர் குறுக்கே நின்றார்; மற்றோரிடத்தில் எவராலும் தடுக்க இயலவில்லை.

7. பதவி வேறு, பெரியவர் வேறு

இதுவரை படித்ததிலிருந்து, மேலே இருப்பவர் எது சொன்னாலும் கேட்க வேண்டும் என்று எண்ணிவிடலாகாது. 1936ஆம் ஆண்டு நிகழ்ந்ததை இங்கே அறிந்துகொள்வது தேவை.

அவ்வாண்டு இந்திய அணி இங்கிலாந்து சென்றது. விஜயநகரம் அரச குடும்பத்து இளவரசர் அணித்தலைவராக இருந்தார். செல்வமும் செல்வாக்கும் அவருக்கு அப்பொறுப்பைப் பெற்றுத் தந்தன. ஆட்டத்திறனால் அது வரவில்லை. அதே அணியில் லாலா அமர்நாத் இருந்தார். 1933இல் மும்பையில் இங்கிலாந்துக்கு எதிராக 118 ஓட்டங்கள் எடுத்து, டெஸ்ட் போட்டியில் சதம் அடித்த முதல் இந்தியர் என்னும் புகழைப் பெற்றவர் அவர்.

இலண்டன் லார்ட்ஸ் திடலில் நடந்த ஓர் ஆட்டத்தில், கால்காப்பு அணிந்து ஆடுவதற்கு ஆயத்தமாக இருந்த அமர்நாத்தைக் காக்கவைத்துவிட்டு வேறு சிலரைத் தலைவர் அனுப்பினார். நெடுநேரம் காத்திருந்து இறுதியில் ஆடித் திரும்பிய அமர்நாத், உடைமாற்றும் அறையில் சினத்துடன் கால்காப்பை வீசித் தம் மொழியில் கடிந்து பேசினார். ஒழுங்கீனம் என்று கூறி, முதல் டெஸ்ட் போட்டி தொடங்கும் முன்பே அவரைத் தாய்நாட்டிற்குக் கப்பலேற்றிவிட்டனர்.

அமர்நாத் சினந்து பேசியது சரியன்று. ஆனால் அத்தவற்றுக்கு அத்தண்டனை மிகையானது. பின்னர் நீதிபதி போமான்ட் தலைமையில் அமைந்த குழு அப்பயணத்தை ஆராய்ந்து, அணித்தலைவர் அணியை நடத்திய முறையைக் குறை கூறியது. அமர்நாத் மீண்டும் அணிக்கு வந்தார். நாடு விடுதலை பெற்றபின் 1947இல் ஆஸ்திரேலியா சென்ற இந்திய அணிக்கு அவரே தலைவரானார்.

பெரியவர் என்னும் பெயர் பதவியாலோ பணத்தாலோ வருவதன்று. இளையோரிடம் நடுவுநிலை தவறாது நடப்பவரே பெரியவர். மரியாதையைக் கேட்டுப் பெறும் அதிகாரம் அச்சத்தைத்தான் பெறுகிறது. அநீதி நிகழும்போது அதனைச் சொல்லும் உரிமை இளையோருக்கு உண்டு. அதனைச் சொல்லும் முறையில்தான் அவர்களுடைய கண்ணியம் வெளிப்படுகிறது.

8. ஒரே வீரர், இரு காட்சிகள்

ஒருமுறை தவறியவர் என்றும் தவறியவராகவே இருந்துவிடுவதில்லை. 2012ஆம் ஆண்டு ஜனவரியில் சிட்னியில் நடந்த டெஸ்ட் போட்டியின்போது, எல்லைக்கோட்டருகே நின்ற விராட் கோலியைப் பார்வையாளர் சிலர் பழித்துக் கூச்சலிட்டனர். அவர் அவர்களை நோக்கி அநாகரிகமான கைச்சைகை காட்டினார். அப்போது அவருக்கு வயது 23. ஆட்ட ஊதியத்தில் பாதி அவருக்கு அபராதமாக விதிக்கப்பட்டது.

ஏழாண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டு ஜூன் மாதம் இலண்டன் ஓவல் திடலில் உலகக் கோப்பைப் போட்டி. இப்போது கோலி இந்திய அணித்தலைவர். பந்தைச் சேதப்படுத்திய குற்றத்திற்காக ஓராண்டுத் தடை பெற்று மீண்டு வந்திருந்த ஸ்டீவ் ஸ்மித், எல்லைக்கோட்டருகே நின்றுகொண்டிருந்தார். பார்வையாளரில் பெரும்பாலோர் இந்தியர். அவர்கள் ஸ்மித்தைப் பார்த்து ஏளனக் குரல் எழுப்பினர். மட்டையுடன் நின்ற கோலி அவர்களை நோக்கித் திரும்பி, ஏளனத்தை நிறுத்திக் கைதட்டுமாறு சைகை காட்டினார். ஆட்டம் முடிந்தபின் ரசிகர்கள் சார்பில் ஸ்மித்திடம் வருத்தமும் தெரிவித்தார். அச்செயலுக்காகப் பன்னாட்டுக் கிரிக்கெட் மன்றம் அவருக்கு அவ்வாண்டின் 'கிரிக்கெட்டின் ஆன்மா' விருதை வழங்கியது.

எல்லைக்கோட்டில் நின்று பழிச்சொல் கேட்பது எப்படி வலிக்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். தாம் பட்டதைப் பிறர் படக்கூடாது என்று எண்ணும் இடத்தில் மனிதன் வளர்கிறான்.

9. எழுந்து நின்ற சேப்பாக்கம்

கண்ணியம் வீரர்களுக்கு மட்டும் உரியதன்று, பார்ப்பவர்களுக்கும் உரியது. 1996ஆம் ஆண்டு உலகக் கோப்பை அரையிறுதியில் கொல்கத்தா ஈடன் தோட்ட அரங்கில் இந்தியா இலங்கையிடம் தோல்வியை நெருங்கியது. பார்வையாளர் சிலர் பாட்டில்களை வீசி, இருக்கைகளுக்குத் தீ வைத்தனர். இந்தியா 8 விக்கெட் இழந்து 120 ஓட்டங்கள் எடுத்திருந்தபோது ஆட்டம் நிறுத்தப்பட்டு, வெற்றி இலங்கைக்கு வழங்கப்பட்டது. இதனை ஒரு நகரத்தின் குறையாகக் கொள்ளலாகாது. தோல்வியைத் தாங்கப் பழகாத எந்தக் கூட்டமும் இந்நிலைக்கு ஆளாகலாம்.

1999ஆம் ஆண்டு ஜனவரி மாத இறுதியில் சென்னை சேப்பாக்கத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் டெஸ்ட் போட்டியில் ஆடின. இந்தியாவின் இலக்கு 271 ஓட்டங்கள். 82 ஓட்டங்களுக்குள் 5 விக்கெட்டுகள் வீழ்ந்தன. முதுகுவலியைப் பொறுத்துக்கொண்டு டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தார். அவர் ஆட்டமிழந்தபோது தேவைப்பட்டவை 17 ஓட்டங்களே. ஆனால் எஞ்சிய விக்கெட்டுகள் விரைந்து சரிந்தன. 258 ஓட்டங்களில் இந்தியா ஆட்டமிழந்தது. 12 ஓட்டங்களில் பாகிஸ்தான் வென்றது.

அரங்கம் சிறிது நேரம் உறைந்திருந்தது. பின்னர் மக்கள் எழுந்து நின்றனர், கை தட்டினர். அவ்வொலி அரங்கம் முழுதும் பரவியது. வாசிம் அக்ரம் தலைமையிலான பாகிஸ்தான் வீரர்கள் அவ்வாழ்த்தை ஏற்றுத் திடலைச் சுற்றி ஓடி வந்தனர். தம் அணி தோற்ற துயரத்தை அம்மக்கள் மறைக்கவில்லை. அத்துயரத்தோடு நின்றே எதிரணியின் திறமையை மதித்தனர். உங்கள் தாத்தா பாட்டியருள் எவரேனும் அந்நாளில் சென்னையில் இருந்திருந்தால், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

10. நாம் கொள்ள வேண்டுவது

மேற்கண்ட நிகழ்ச்சிகள் யாவும் நமக்கு உணர்த்துவன மூன்று. தீர்ப்பு நமக்கு எதிராக வரும்போது நடுவரை மதிக்க வேண்டும். ஐயம் இருந்தால் முறையாகக் கேட்கலாம். சினம் மிகும்போது நம்மைத் தடுக்கும் பெரியோரின் சொல்லுக்குச் செவி கொடுக்க வேண்டும். அவ்வாறு தடுப்பவரைப் பகைவராகக் கருதலாகாது. வென்றவர் எவராயினும் அவரைப் பாராட்ட வேண்டும்.

பெரியோருக்கும் ஒரு கடமை உண்டு. இளையோர் பார்த்துக்கொண்டே இருக்கின்றனர். தொலைக்காட்சியில் வீரர் மட்டையை வீசி எறிந்தால், மறுநாள் தெருவில் ஒரு சிறுவனும் வீசி எறிவான். வீரர் எதிரணியினருக்குக் கை கொடுத்தால், அவனும் கை கொடுப்பான். இன்று நீங்கள் இளையோர். நாளை உங்கள் திடலில் உங்களை 'அண்ணா' என்றும் 'அக்கா' என்றும் 'பையா' என்றும் 'தீதி' என்றும் அழைக்கும் சிறுவர் வருவர். அப்பெயருக்கு உரியவராக நடந்துகொள்ள இன்றே பழகுங்கள்.

சொற்பொருள்

கண்ணியம் – மதிப்புக்குரிய நடத்தை
நடுவுநிலை – ஒரு பக்கம் சாயாத தன்மை
முறையீடு – தீர்ப்பு வேண்டி நடுவரிடம் கேட்டல்
ஒழுங்கீனம் – ஒழுக்கத்துக்கு மாறான செயல்
துணைக்கோடல் – துணையாகக் கொள்ளுதல்
அபராதம் – தண்டத் தொகை
ஏளனம் – இகழ்ச்சி, கேலி
இடர்ப்பாடு – துன்பம், சிக்கல்

பயிற்சி

அ) ஓரிரு தொடர்களில் விடையளிக்க.
1. வங்க மொழியில் 'தாதா' என்பதன் பொருள் யாது?
2. 42ஆம் விதி எதனைப் பற்றியது? அது எந்த ஆண்டில் வந்தது?
3. டெஸ்ட் போட்டியில் முதல் சதம் அடித்த இந்தியர் யார்?

ஆ) ஐந்து தொடர்களில் விடையளிக்க.
1. விஸ்வநாத் டெய்லரைத் திரும்ப அழைத்ததனால் நேர்ந்த இழப்பும் கிடைத்த பெருமையும் யாவை?
2. மெல்போர்ன் நிகழ்ச்சியில் மேலாளர் தடுக்காதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும்?
3. 'பதவி வேறு, பெரியவர் வேறு' என்பதை 1936ஆம் ஆண்டு நிகழ்ச்சி கொண்டு விளக்குக.

இ) பொருத்துக.
1. நாகபுரி, 2008 – அ. ஸ்டம்பால் தாக்க முயன்ற நிகழ்ச்சி
2. ஜாம்ஷெட்பூர், 1991 – ஆ. எதிரணிக்குக் கைதட்டிய மக்கள்
3. சேப்பாக்கம், 1999 – இ. சில ஓவர்களுக்குத் தலைமை ஏற்ற கங்குலி

ஈ) வகுப்பில் கலந்துரையாடுக.
பெரியவர் ஒருவர் தவறாகத் தீர்ப்புச் சொல்கிறார் என்று நீங்கள் உறுதியாக அறிகிறீர்கள். மரியாதை குறையாமல் அதனை அவரிடம் எவ்வாறு சொல்வீர்கள்? இருவராகச் சேர்ந்து உரையாடலாக எழுதி, வகுப்பில் நடித்துக் காட்டுக.

உ) செயல்திட்டம்.
உங்கள் பகுதியில் வாழும் பிற மொழியினரிடம் கேட்டு, அண்ணன், அக்கா, பாட்டன், ஆசிரியர் ஆகியோரை அவர்கள் அழைக்கும் சொற்களைத் தமிழ் எழுத்தில் பட்டியலிடுக.